ஐந்தாம் பெட்டியில் ஓடிய ஆறு

அவளுடைய வேலை என்னவென்று யாராவது கேட்டால், அவள் வாயைத் திறப்பதற்குள் புருஷன் முந்திக்கொள்வார். "கல்லைக் குளிப்பாட்டி, துவட்டி, போட்டோ பிடிக்கிற வேலை" என்பார். பஸ் ஓட்டுகிற மனிதர். நாள் முழுக்க முன்னால் மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பதால், வீட்டுக்கு வந்ததும் பக்கத்தில் இருப்பவர்களைச் சீண்டாமல் அவரால் இருக்க முடியாது. ஆனால் அவர் சொன்னதில் பொய் ஒன்றும் கிடையாது.

ஊர் ஓரத்தில் தகரக் கூரை போட்ட நீளமான கிடங்கு ஒன்று இருக்கிறது. ஊரில் எங்கே பாலம் கட்டினாலும் கட்டடம் எழுப்பினாலும், முதலில் தரையில் துளை போட்டு, மணிக்கட்டுப் பருமனில் உருளை உருளையாக மண்ணையும் கல்லையும் எடுப்பார்கள். அந்த உருளைகள் பெட்டிகளில் அடுக்கப்பட்டு இங்கே வந்து சேரும். ஒரு பெட்டிக்கு ஐந்து வரிசை, ஒரு வரிசைக்கு ஒரு மீட்டர். பெட்டியின் மேல் ஓரத்தில் இடப்பக்கம் தொடங்கி, எழுத்தைப் படிப்பதுபோல் படித்துக்கொண்டே போனால் பூமிக்குள் இறங்கிவிடலாம். மொத்தம் பதினோராயிரம் பெட்டி. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் தரை கூட்டுவதற்காக உள்ளே வந்தவள், இன்று எந்தத் துளையின் எந்தப் பெட்டி எந்த அடுக்கில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். எல்லோருக்கும் அவள் பெட்டியக்கா.

அன்று காலை பதினொரு மணிக்கு அவளுடைய தம்பி போன் செய்தான். ஊருக்குக் குடிநீர் ஏற்றும் நிலையத்துக்காக வட்டமாக ஒரு பெரிய குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். அதில் அவன் மேஸ்திரி. அவனும் இன்னும் பதினொரு பேரும் கீழே.

"அக்கா, நல்ல சேதி. இருபது மீட்டர்ல கல்லு வரும், தண்ணி வரும்னு பயந்துட்டிருந்தோமே, கல்லையே காணோம். நேரா களிமண்ணு வந்துடுச்சு. ரெண்டு மீட்டர் முன்னாடியே."

"அப்படியா" என்றாள் அவள். சந்தோஷம்தான் முதலில் வந்தது.

"இனிமே இருபத்தஞ்சு வரைக்கும் வெறும் களிதான்னு என்ஜினியர் சொல்லிட்டார். குழியைச் சுத்தி அடித்தண்ணி இறைச்ச பம்பை எல்லாம் காலையில ஆறு மணிக்கே நிறுத்தியாச்சு. சத்தமே இல்ல அக்கா, காது என்ன சுகமா இருக்கு தெரியுமா. இப்ப இருபத்திரண்டுல நிக்கிறோம். இன்னும் அரை மீட்டர் வெட்டினா தளம் போட்டுடலாம்."

"எந்தத் துளையை வெச்சுடா கணக்கு போட்டாங்க?"

"குழிக்குக் கொஞ்சம் தள்ளிப் போட்டதுதான். முப்பத்தொண்ணு."

அவள் போனை வைத்துவிட்டு அடுக்குகளுக்கு நடுவே நடந்தாள்.

முப்பத்தொன்றாம் துளையின் ஐந்தாம் பெட்டி. இருபது மீட்டரிலிருந்து இருபத்தைந்து வரை. பதினோராயிரம் பெட்டிகளில் இந்த நாலு வருஷமாக அவள் தொடாத பெட்டி அது ஒன்றுதான். தூசி தட்டினாலும் அதைச் சுற்றித்தான் தட்டுவாள்.

அது ஏன் என்று சொல்ல வேண்டுமானால், கூழாங்கல் சாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கிடங்கின் கடைசி அறையில் உட்கார்ந்திருக்கும் நிலவியல்காரர் அவர். சட்டைப்பை, கால்சட்டைப்பை எல்லாவற்றிலும் கல் வைத்திருப்பார். அவர் உட்கார்ந்தால் நாற்காலி கடகடவென்று சத்தம் போடும். பெட்டிகளைப் பார்த்துப் பதிவு எழுதும்போது வாயை மூடமாட்டார். ஊருக்கு அடியில் ஒரு பழைய ஆறு படுத்திருக்கிறது என்பதை அவர் வாயிலிருந்துதான் அவள் அறிந்தாள்.

பல லட்சம் வருஷங்களுக்கு முன்னால் கடல் வெகுதூரம் பின்வாங்கியிருந்ததாம். இறங்கிப் போக வேண்டிய பள்ளம் அதிகமானதால் ஆறு தரையை ஆழமாக அறுத்துக்கொண்டு ஓடியது. பிறகு மலையிலிருந்து உருட்டிவந்த கற்களால், தான் வெட்டிய பள்ளத்தைத் தானே நிரப்பிக்கொண்டது. கடல் மறுபடி ஏற ஏற, ஆற்றுக்கு வேகம் குறைந்தது. கல்லைத் தூக்கத் தெம்பில்லாமல் மணலைக் கொண்டுவந்தது, மணலுக்கும் தெம்பில்லாமல் சேற்றைக் கொண்டுவந்தது. வெள்ளம் வடிந்த களிமண் மேல் புல் முளைத்தது. அந்தச் சமயத்தில் வடக்கே இன்னொரு ஆறு, மேட்டைப் பின்பக்கமாக அரித்துக்கொண்டே வந்து, இந்த ஆற்றின் தலைப்பகுதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. தலையைப் பறிகொடுத்த ஆறு வற்றிப்போனது. இன்று ஊருக்குள் மிச்சம் இருப்பது ஓர் ஓடை. செருப்பைக் கழற்றாமல் தாண்டிவிடலாம்.

"அடியில கல், அதுக்கு மேல மணல், எல்லாத்துக்கும் மேல சேறு. ஆறு படுக்கிற முறை இதுதாம்மா" என்பார் கூழாங்கல் சார். "கல்லுக்கு நடுவுல இன்னமும் தண்ணி நிக்குது. மேல களிமண் மூடி. மூடியைத் தேய்ச்சு மெலிசாக்கினா பிச்சுக்கிட்டு வரும்."

இதையெல்லாம் அவள் யாரிடமும் படிக்கவில்லை. தண்ணீர் தெளித்துக்கொண்டே காதில் வாங்கியதுதான். இருபத்தாறு வருஷம் காதில் வாங்கினால் யாருக்குத்தான் தெரியாது.

நாலு வருஷத்துக்கு முன்னால், முப்பத்தொன்றாம் துளையின் பெட்டிகள் வந்த நாளில், ஐந்தாம் பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். சாக்கடை மூடியில் சக்கரம் மாட்டியது. வண்டி சாய்ந்து பெட்டி குப்புற விழுந்தது. வரிசைக்கு ஒன்றாக இருந்த பிளாஸ்டிக் தொட்டிகள் தரையில் சிதறின. ஆழம் எழுதிய மரக்கட்டைகள் தனியே ஓடின. போட்டோ பிடிக்காமல் கழுவக்கூடாது என்று சட்டமாகவே சொல்லி வைத்திருந்தார்கள். அன்று அவசரத்தில் முதலில் கழுவிவிட்டிருந்தாள். கீழ்ப்பக்கத்தைக் காட்டி உருளைகளில் போட்டிருந்த அம்புக்குறிகளும் அதோடு போய்விட்டன.

யாரும் பார்க்கவில்லை. மளமளவென்று எடுத்து அடுக்கினாள். கல் இடப்பக்கம் இருந்தது என்று அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இடப்பக்கம் என்றால் மேலே. கல்லை முதலிலும் களிமண்ணைக் கடைசியிலும் வைத்து, கட்டைகளைச் செருகி, போட்டோ பிடித்துவிட்டாள். அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. அந்தத் துளை போட்ட கூட்டத்தில் பெட்டி நிரப்புகிற ஆள் இடதுகைக்காரன். அவன் வலப்பக்கத்தின் கீழ் ஓரத்திலிருந்து தொடங்குவான் என்று எல்லோரும் திட்டிக்கொண்டிருந்தார்கள். அவனுடைய பெட்டிகளை அவளேதான் வழக்கமாகத் திருப்பி வைப்பாள்.

காலையில் சொல்லிவிடலாம் என்று போனாள். அதற்குள் கூழாங்கல் சார் பெட்டியைப் பார்த்துவிட்டிருந்தார். களிமண்ணுக்கு மேல் கல். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. "ஆறு திரும்பி வந்திருக்கும்மா" என்றார். "எல்லாரும் செத்துப்போச்சுன்னு நினைச்ச ஆறு ஒரு தடவை திரும்பி வந்திருக்கு. ரெண்டாவது ஆறு." அவள் சொல்ல வந்ததை மென்று விழுங்கினாள். ஒருவேளை தான் அடுக்கியது சரியாகவே இருக்கலாம் என்று தனக்குத்தானே பூசி மெழுகிக்கொண்டாள். ஒரு வாரம் போனால் சொல்வது கஷ்டம், ஒரு மாதம் போனால் இன்னும் கஷ்டம். ஒரு வருஷத்தில் அந்த இரண்டாவது ஆறு அறிக்கையில் ஏறியது, சுவரில் மாட்டிய படத்தில் நீலக்கோடாக ஏறியது. அதற்கப்புறம் அவள் மூச்சு விடவில்லை.

இப்போது அந்தப் பெட்டியை ஒற்றை ஆளாக இறக்கினாள். முதுகு பிடித்துக்கொண்டது. மேசை மேல் வைத்து, நாலு வருஷமாகக் காய்ந்து வெளிறிக் கிடந்த களிமண்ணில் தண்ணீர் தெளித்தாள். ஈரம் பட்டதும் நிறம் எழுந்துவந்தது. சாம்பல்நீலம், நடுவே செம்புள்ளிகள். கடைசி வரிசையில், இருபத்துநாலுக்கும் இருபத்தைந்துக்கும் நடுவில், பழுப்பாக ஓர் இழை ஓடியது. பழைய புல்லின் வேர். மேலிருந்து கீழே போகப் போக வேர் சன்னமாக வேண்டும். இது கீழே தடித்தும் மேலே நூலாகவும் இருந்தது. பக்கத்தில் இன்னொன்று, அதுவும் அப்படியே. எந்தப் புல்லும் வானத்தைப் பார்த்து வேர் விடாது.

மறுபடி தம்பியைக் கூப்பிட்டாள்.

"டேய், உன் தலைக்கு மேல சுவரு இன்னும் பூசலையே?"

"கடைசி ரெண்டு மீட்டர் பூசல. ஏன்?"

"மேல் ஓரத்துல பாரு. சாம்பல்நீலமா, செம்புள்ளியோட இருக்கா? பழுப்பா வேரு மாதிரி ஏதாவது ஓடுதா?"

"அக்கா, வேலை நேரத்துல என்ன இது."

"பாருன்னா பாருடா."

ஏணியில் அவன் செருப்புச் சத்தம் கேட்டது. யாரோ ஏதோ கேலி பேசினார்கள், சிரிப்பு எழுந்தது. பிறகு, "இருக்கு. நிறைய இருக்கு. நீ சொன்ன அதே நிறம்தான்" என்றான்.

பெட்டி அதை இருபத்தைந்து மீட்டரில் காட்டியது. அவனோ அதை இருபதில், தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தான். அப்படியானால் களிமண் அவனுக்குக் கீழே மூன்று மீட்டர் இல்லை. ஒரு மீட்டர்தான். அதற்கும் அடியில் கல், கல்லுக்குள் ஆறு. பம்பை நிறுத்தி ஐந்து மணி நேரம் ஆகிறது.

"எல்லாரையும் கூட்டிக்கிட்டு மேல வாடா."

"என்ன விளையாடறியா? என்ஜினியர் சொல்லாம நான் எப்படி ஏத்துவேன்? காரணம் கேப்பாரே."

"ஒரு சந்தேகம்டா."

"உனக்கு என்னைக்கு சந்தேகம் இல்லாம இருந்துச்சு. நான் பஸ்ல நின்னுட்டு போனாக்கூட உனக்கு சந்தேகம்தான். வைக்கிறேன்."

வைத்துவிட்டான். காரணம் கேட்பார் என்றானே, அந்தக் காரணம் அவளிடம் மட்டும்தான் இருந்தது. அதை வெளியே எடுத்தால் இருபத்தாறு வருஷமும் போகும். கிடங்கின் கடைசி அறைக்கு அறுபது அடி. அந்த அறுபது அடியில் வேறு ஏதாவது சொல்லித் தப்ப முடியுமா என்றுதான் அவள் மனது தேடிக்கொண்டே போனது. வெட்கம்கெட்ட மனது. தம்பி குழிக்குள் இருக்கும்போதும் அது தன்னைத்தான் முதலில் பார்த்தது.

"சார், அந்த முப்பத்தொண்ணாம் துளை, அஞ்சாம் பெட்டி. கொஞ்சம் திரும்பப் பாத்தா நல்லது" என்றாள்.

கூழாங்கல் சார் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "குழியில கல்லு வரலன்னு என்ஜினியர் போன் பண்ணார். ரெண்டாவது ஆறு அந்த இடத்துல ஒதுங்கிப் போயிருக்கும்மா. ஆறுன்னா வளையாம இருக்குமா? நாலு அடி தள்ளித் தோண்டினா கல்லு கிடைச்சிருக்கும்."

"பெட்டி மாறியிருந்தா சார்?"

"பெட்டி எப்படி மாறும்? நீதானே வெச்ச."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். அவள் மேல் அவ்வளவு நம்பிக்கை. அதுதான் தாங்கவில்லை.

"நான்தான் வெச்சேன் சார். தலைகீழா வெச்சேன். அன்னைக்கு வண்டி சாஞ்சு பெட்டி கீழ விழுந்துடுச்சு. அம்பு அழிஞ்சுபோச்சு. இடதுகைக்காரன் நிரப்பின பெட்டிங்கறதை மறந்து, கல்லை மேல வெச்சுட்டேன். அன்னைக்கு ராத்திரியே சந்தேகம் வந்துச்சு. சொல்லல. இப்ப வேரு தலைகீழா இருக்கு, நனைச்சுப் பாத்துட்டேன். அந்த வேரு குழியில தம்பி தலைக்கு மேல இருக்கு. ரெண்டாவது ஆறுன்னு ஒண்ணு கிடையாது சார். அவங்க நிக்கிறதுக்குக் கீழ ஒரு மீட்டர்ல கல்லு."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. சுவரில் இருந்த நீலக்கோட்டைப் பார்த்தார். பையில் கை விட்டுக் கல்லை உருட்டினார்.

"நேத்து வரைக்கும் பம்புல தண்ணி கொட்டுச்சே" என்று மெல்லச் சொன்னார். "அங்க கல்லே இல்லைன்னா, அந்தத் தண்ணி எங்கேருந்து வந்துச்சு?"

அவர் கேட்டது அவளை அல்ல. அடுத்த நொடி போன் அவர் கையில் இருந்தது. என்ஜினியர் லேசில் மசிகிற ஆள் இல்லை. மதியத்துக்குள் அரை மீட்டரை முடித்தாக வேண்டும் என்று அவருக்கு நெருக்கடி. "ஒரு பெட்டி விழுந்ததுக்காக வேலையை நிறுத்தச் சொல்றீங்களா" என்று அவர் கத்தியது அவளுக்கே கேட்டது.

"நிறுத்த வேணாம்" என்றார் கூழாங்கல் சார். "குழிக்குப் பக்கத்துல கண்காணிப்புக் குழாய் இருக்கே, அதுல நாடா விட்டு நீர்மட்டம் எவ்வளவுன்னு மட்டும் சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

காத்திருந்தார்கள். மின்விசிறி சுற்றியது. அவள் உட்காரவில்லை. நாடாவைத் தேடினார்களோ, விட்டார்களோ, அந்த நேரம் நகரவே இல்லை.

மறுமுனையில் பேச்சு வந்தது. கூழாங்கல் சார் அதை அவளுக்காகத் திரும்பச் சொன்னார். "காலையில இருபத்தஞ்சு மீட்டர் ஆழத்துல இருந்துச்சு. இப்ப பதினாறு. ஒன்பது மீட்டர் ஏறியிருக்கு." பிறகு போனில், பதறாத குரலில், "ஆளை ஏத்துங்க. சாமானை விட்டுடுங்க. ஆளை மட்டும்" என்றார்.

அவள் தம்பியின் எண்ணை அழுத்தினாள். எடுத்தான். ஆனால் அவளோடு பேசவில்லை. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான் போல. துணி உரசுகிற சத்தம், ஏணி அதிர்கிற சத்தம், "மம்முட்டியை விடுடா" என்று ஒரு அதட்டல். அவன் எண்ணிக்கொண்டிருந்தான். நாலு. ஐந்து. ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் வெகுநேரம் போனது. யாருடைய செருப்பு வாரோ ஏணிப்படியில் மாட்டிக்கொண்டதாம், பிற்பாடுதான் தெரிந்தது. எட்டு. ஒன்பது. கீழே யாரோ, "மேஸ்திரி, தரை மெத்து மெத்துங்குது" என்றான். பத்து. பதினொன்று.

அதற்குப் பிறகு எண்ணிக்கை இல்லை. மூச்சு மட்டும் கேட்டது.

"டேய்" என்றாள் அவள். "நீ எங்கடா?"

ஏணிப் படிகளை அவள் செருப்புச் சத்தத்தில் எண்ணினாள். முப்பது வரை எண்ணினாள், அப்புறம் கணக்கு தப்பிவிட்டது.

"மேல வந்துட்டேன்" என்றான். குரலே அடையாளம் தெரியவில்லை.

அவன் அதைச் சொல்லி முடித்துக் கால்மணி நேரம் இருக்கும். குழியின் தரை நடுவில் உப்பி எழுந்து கிழிந்தது. முதலில் சேறு, பிறகு மணல், பிறகு கலங்கலே இல்லாத தண்ணீர். அரைமணி நேரத்தில் உள்ளே விட்டுவந்த சின்னத் தோண்டும் எந்திரத்தின் கூரை மறைந்தது. தண்ணீர் கொண்டுவந்து போட்ட வெள்ளைக் கூழாங்கற்கள் எந்திரத்தின் மேல் குவிந்து கிடந்தன என்று, பிற்பாடு இறைத்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

சாயங்காலம் கிடங்கில் மேசை மேல் அந்தப் பெட்டி அப்படியே இருந்தது. கூழாங்கல் சார் இரண்டு கைகளாலும் அதைப் பிடித்து அரைவட்டம் திருப்பி வைத்தார். நீலக்கோடு போட்ட படத்தை ஏற்கெனவே சுவரிலிருந்து கழற்றிவிட்டிருந்தார். நாலு வருஷமாகத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடிய ஆறு. பதிவேட்டைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார். "நீயே எழுதிடும்மா. மேலிடத்துக்கு நான் எழுதறேன். என்ன செய்வாங்கன்னு தெரியல" என்றார்.

அவள் எழுதினாள். 'துளை 31, பெட்டி 5. தலைகீழாக இருந்தது. அடுக்கியது நான்.' கீழே கையெழுத்துப் போட்டாள்.

நிமிர்ந்தபோது வாசலில் தம்பி நின்றிருந்தான். முழங்கால் வரை களிமண் காய்ந்து வெடித்திருந்தது. என்ஜினியர் மூலம் எல்லாம் அவன் காதுக்குப் போயிருந்தது. வந்து கட்டிக்கொள்ளவில்லை. உயிரைக் காப்பாற்றினாய் என்று சொல்லவில்லை. பதிவேட்டில் எழுதியிருந்ததைக் குனிந்து படித்தான்.

"நாலு வருஷமா உனக்கு சந்தேகம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"போன மாசம் நான் வீட்டுக்கு வந்து, இந்தக் குழியிலதான் வேலைன்னு சொன்னேனே. அப்பவும்?"

"எந்தத் துளைன்னு நான் கேக்கல" என்றாள். "கேக்க பயமா இருந்துச்சு."

அவன் தலையாட்டினான். அது மன்னிப்பு இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. கூழாங்கல் சார் எழுந்து தன் அறைக்குப் போனார்.

"இதே மாதிரி வேற பெட்டி இருக்கா?" என்று கேட்டான் தம்பி.

"இல்லடா. இது ஒண்ணுதான்."

அவன் அவளைப் பார்க்கவில்லை. அடுக்குகளைப் பார்த்தான். தரையிலிருந்து தகரக் கூரை வரை பதினோராயிரம் பெட்டி. ஊரில் எத்தனை பேர் எத்தனை குழியில் இறங்கப்போகிறார்களோ, அத்தனை பேருக்கும் கீழே இருக்கிற மண். அவள் வாக்கு அவனுக்குப் போதவில்லை. நேற்று வரை போதுமாக இருந்தது.

அவள் தெளிப்பானில் தண்ணீர் நிரப்பிக்கொண்டாள். நாளைக்கு இந்தக் கிடங்கின் கதவைத் திறக்க அவளை விடுவார்களோ மாட்டார்களோ, இன்றைக்குச் சாவி இன்னும் இடுப்பில் இருந்தது. முதல் அடுக்குக்குப் போய், முதல் துளையின் முதல் பெட்டியை இழுத்தாள். கனத்தது. முதுகு ஒத்துழைக்கவில்லை.

அவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு வந்து மறுமுனையைப் பிடித்தான். "எது மேல்பக்கம்னு எப்படிப் பாக்கறது, சொல்லு" என்றான். "இந்தத் தடவை நானும் பாக்கறேன்."